கிணற்றுக்குத் திரும்பும் உப்பு: வலிகாமத்துப் பழத்தோட்டங்களில் உவர்நீரும் பசளையும்

உவர்நீரில் பழப்பயிர் வளர்ப்போருக்குப் பாடநூல்கள் சொல்லும் முதல் அறிவுரை, பயிர் குடிப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இறைக்க வேண்டும் என்பது. அந்த மேலதிக நீர் வேர்ப்பகுதியில் சேர்ந்த உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரிலுள்ள உவர்மண் ஆய்வுகூடம் 1954-இல் வெளியிட்ட கைநூலும், உலக உணவு விவசாய நிறுவனத்துக்காக அயர்சும் வெஸ்ட்கொட்டும் எழுதி 1985-இல் திருத்திய நீர்த்தர நூலும் இதைச் சூத்திரமாகவே தருகின்றன. சூத்திரத்தில் பிழையில்லை. கீழே போன உப்பு பிறகு என்னவாகிறது என்ற கேள்வியை மட்டும் அந்நூல்கள் வடிகாலிடம் ஒப்படைத்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அப்படி ஒப்படைக்க வழியில்லை. ஆறென்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. வேர்ப்பகுதிக்குக் கீழே சிவப்பு மண், அதன் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல், அதற்குள் நாளை இறைக்கப்போகும் அதே நீர்.

உவர்ப்பைக் கழுவும் வேலையை இங்கே பெரும்பாலும் மாரி மழையிடம் விட்டுவிட வேண்டும். கோடையில் கமக்காரரின் கையிலிருக்கும் உண்மையான கருவி பசளைக் கணக்கே என்பது இக்கட்டுரையின் வாதம். நீரின் உவர்ப்பும் பசளையின் அளவும் இரு வேறு துறைகளின் விடயங்களாகப் பேசப்படுவது வழக்கம். ஒரே நீர் மேலும் கீழுமாகச் சுழலும் நிலத்தில் அவை ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

நிலமும் நீரும்

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் வருகிறது. மண்ணுள் இறங்கும் மழைநீர், கடற்பக்கமிருந்து பாறைக்குள் ஊடுருவியிருக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. இரு நீரினதும் அடர்த்தி வேறுபாட்டிலிருந்து நெதர்லாந்தின் கைபனும் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் 19-ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்ட விதி இங்கே அப்படியே பொருந்தும்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீற்றர்வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கந்தான் கவலைக்குரியது. நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் நிலையாகத் தாழ்ந்தால், உவர்நீர் எல்லை கோட்பாட்டளவில் நான்கு மீற்றர் மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்மட்டத்து நீர் நல்லதாகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை அளந்து பார்க்கலாம்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை மனித உடம்பே வரையறுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவியபின் அந்த வரம்பு போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் கிணற்றை வற்றவிட்டு, ஊறவிட்டு, மறுபடி இறைப்பது இன்று சாதாரணம். ஒவ்வொரு வற்றலின்போதும் கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். அதே அளவு நீரைச் சிறிய இயந்திரத்தால் நாலைந்து மணி நேரம் மெதுவாக எடுத்தால் கூம்பு அவ்வளவு எழாது. உவர்நீர் முகாமை பற்றிய பேச்சில் பயிர், மண், பசளை எல்லாம் வரும். இயந்திரத்தின் குதிரைவலு மட்டும் வருவதில்லை.

கால்வாய்ப் பாசன நிலங்களோடு ஒப்பிட்டால் வலிகாமத்தின் தனித்தன்மை தெளிவாகும். மின்கடத்துதிறன் மீற்றருக்கு ஒரு டெசிசீமன்ஸ் (இனி 'அலகு' என்றே குறிக்கிறேன்) உள்ள நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். கோடைமுழுதும் 800 மில்லிமீற்றர் இறைத்தால் ஹெக்டயருக்கு ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட உப்பு நிலத்தில் விழுகிறது. ஆற்றுநீர் பாயும் நாட்டில் இந்த ஐந்து தொன்னும் தொலைவிலிருந்து வந்த புதிய உப்பு. வலிகாமத்தில் அது பழைய உப்பு. முந்திய ஆண்டுகளில் இதே நிலத்திலிருந்து கசிந்திறங்கியது, இப்போது இயந்திரத்தின் வழியே ஏறிவருகிறது. பயிர் நீரை மட்டும் ஆவியாக்கிவிட்டு உப்பை விட்டுவைப்பதால் செறிவு கூடுகிறதே தவிர, இறைப்பினால் மாத்திரம் உப்பின் மொத்த நிறை கூடுவதில்லை.

அப்படியானால் புதிய உப்பு எங்கிருந்து வருகிறது? முதலாவது கடல். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே கிணற்றுநீரில் 190 மில்லிகிராம் கூடிவிடும். இரண்டாவது, கடற்காற்றும் மழையும் கொண்டுவரும் சிறு அளவு. மூன்றாவது, மேலிருந்து நாமே போடுவது: பசளை, எரு, மலக்குழிக் கசிவு. முதலாவதைக் கட்டுப்படுத்தும் பிடி இயந்திரத்தில் இருக்கிறது. இரண்டாவதில் நம் கை இல்லை. மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே குறைவு. ஆற்றுப்பாசன நாடுகளின் கணக்கில் ஐந்து தொன் நீருப்புக்கு முன்னே பசளையின் உப்பு அற்பமாகத் தெரிவதுதான் காரணம். அந்த ஐந்து தொன் சுழல்வது மட்டுமே என்று உணர்ந்தால் பசளையின் பங்கு வேறு அளவில் தெரியும்.

மேலதிக இறைப்பு தேவையா?

முந்திரிகையை எடுத்துக்கொள்வோம். உரும்பிராய், நீர்வேலி, இணுவில் பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கப்படும் இப்பயிரின் பழைய பெயர்பெற்ற இனத்துக்கு 'இஸ்ரேல் புளூ' என்று பெயர். உவர்நீர்ப் பாசன ஆய்வில் முன்னிற்கும் நாட்டின் பெயரைத் தாங்கிய கொடி யாழ்ப்பாணத்து உவர்க்கிணற்றில் வளர்வது ஒரு விநோதம்; ஆனால் பெயரோடு உவர்தாங்கும் குணமும் சேர்ந்து வரவில்லை. மாஸ், ஹொஃப்மன் இருவரின் 1977-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி, மண்ணின் நிரம்பற் சாற்றில் மின்கடத்துதிறன் 1.5 அலகைத் தாண்டியதும் முந்திரிகையின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் 9.6 வீதம் இழப்பு. பேரீச்சையின் எல்லை 4 அலகு, இழப்பு வெறும் 3.6 வீதம். வாழையும் மாவும் முந்திரிகையைவிட நோஞ்சான்கள். மாதுளையும் அத்தியும் ஓரளவு தாங்கும்.

சூத்திரப்படி 1.5 அலகு நீரை முந்திரிகைக்குப் பாய்ச்சுவதானால், இறைக்கும் நீரில் கால்பங்கு வேர்ப்பகுதியைத் தாண்டி இறங்கியாக வேண்டும். பயிர்த்தேவை 800 மில்லிமீற்றர் என்றால் இறைப்பு 1,067 மில்லிமீற்றர். கோடை உச்சத்தில், கிணறு தாழ்ந்திருக்கும் நேரத்தில், இன்னும் 267 மில்லிமீற்றர். இந்த நீர் பின்னர் நீர்த்தாங்கிக்குத் திரும்பிவிடும் என்பது உண்மையே. ஆனால் அது திரும்பும் வேகம் வேறு, கூம்பு எழும்பும் வேகம் வேறு. திரும்பும்போது அது தன் செறிவு நான்கு மடங்காகித் திரும்புகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலதிகமாக இறைக்காமலே விட்டால் என்ன நடக்கும்? 60 சென்ரிமீற்றர் வேர்ப்பகுதியை எடுத்து, நிரம்பிய நிலையில் கனவளவில் 40 வீதம் நீர் கொள்ளும் மண் என்று வைத்துக் கையால் ஒரு கணக்குப் போடலாம். மாரி முடிவில் மண் 0.5 அலகில் தொடங்குகிறது. 1 அலகு நீரை 800 மில்லிமீற்றர் பாய்ச்சி ஒரு சொட்டும் கசியாவிட்டால், கோடை முடிவில் மண் ஏறத்தாழ 3.8 அலகுக்கு வரும். பருவச் சராசரி 2.2-க்குச் சற்றுக் குறைவு. விளைச்சல் இழப்பு 6 வீதமளவு. 1.5 அலகு நீரானால் முடிவில் 5.5, சராசரி 3, இழப்பு 14 வீதம். நடைமுறையில் பாத்திகட்டி இறைக்கும்போது ஒருபங்கு நீர் நாம் விரும்பாமலே கசிந்துபோகும் என்பதால் உண்மை இழப்பு இதைவிடக் குறையும். ஆக, 1 அலகுக்கு உட்பட்ட கிணறுகளில் திட்டமிட்ட கழுவல் இறைப்பு வேண்டியதே இல்லை. 1 முதல் 2 அலகுவரை உள்ள கிணறுகளில் நடுக்கோடையில் ஓரிருமுறை கனக்க இறைப்பது போதும். எப்போது என்பதுதான் முக்கியம்: பசளை போடுவதற்கு முந்திய இறைப்பில், மண்ணில் நைத்திரேற்று மிகக் குறைந்திருக்கும் வேளையில். பசளை போட்டு மறுநாள் 'உப்பு கழுவ' இறைப்பவர், கடையில் காசு கொடுத்து வாங்கிய யூரியாவைக் கிணற்றில் கொட்டுகிறார்.

மாரி இந்த வேலையை எவ்வளவு செய்யும்? இடைவிட்டு இடைவிட்டு நனையும் மண்ணில், வேர்ப்பகுதி ஆழத்தின் பாதியளவு நீர் ஊடுருவிச் சென்றால் முன்பிருந்த உப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சும் என்று ஹொஃப்மனின் கழுவற் சமன்பாடு காட்டுகிறது. 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 300 மில்லிமீற்றர் ஊடுருவல் போதும். வலிகாமத்தின் நன்கு வடியும் சிவப்பு மண்ணுக்கு ஒரு சாதாரண மாரி இதை எளிதாகத் தரும். மழை பொய்த்த ஆண்டே விதிவிலக்கு. அந்த ஆண்டில் தை மாதமே மண்ணை அளந்து பார்த்துவிட்டுத்தான் கோடை இறைப்பைத் திட்டமிட வேண்டும்.

கிணற்றில் இருக்கும் யூரியா

வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது புதிய செய்தி அல்ல. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளை ஆராய்ந்து நாகராஜா குழுவினர் 1988-இலேயே எழுதினார்கள்; அதன்பின் வந்த ஆய்வுகளும் செறிவாகப் பயிர்செய்யும் இடங்களிலும் குடியிருப்பு நெருங்கிய இடங்களிலும் உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகளைக் கண்டன. இது எப்போதும் குடிநீர்ப் பிரச்சினையாகவே, குழந்தைகளின் உடல்நலப் பிரச்சினையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. சரிதான். ஆனால் அதே நீர் தோட்டத்துக்கும் பாய்கிறது என்பதைக் கமக்காரரின் பசளைச் சிட்டையில் யாரும் எழுதுவதில்லை.

50 மில்லிகிராம் நைத்திரேற்றில் 11.3 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. 800 மில்லிமீற்றர் இறைப்பு என்பது ஹெக்டயருக்கு 8,000 கனமீற்றர். அதனோடு நிலத்துக்கு வரும் நைதரசன் 90 கிலோகிராம். ஒரு தொன் முந்திரிகைப் பழம் எடுத்துப்போகும் நைதரசன் ஏறத்தாழ 2 கிலோகிராம். 20 தொன் விளைந்தாலும் 40 கிலோகிராம். இலை, தண்டு வளர்ச்சிக்கு உள்ளதைச் சேர்த்தாலும், குடிநீர் எல்லையைத் தொட்ட ஒரு கிணறு அந்தப் பந்தலின் நைதரசன் தேவையைத் தானே நிறைவு செய்துவிடுகிறது. அதன்மேல் போடப்படும் ஒவ்வொரு பை யூரியாவும் கொடியைக் கொழுக்கவைக்கும். பழத்தின் நிறத்தையும் இனிப்பையும் குறைக்கும். மிச்சம் ஐப்பசி மழையோடு இறங்கும். ஹெக்டயருக்கு 100 கிலோகிராம் நைதரசன் மிஞ்சி, அது 300 மில்லிமீற்றர் ஊடுருவல் நீரில் கரைந்து இறங்குவதாக வைத்தால், அந்த நீரின் நைத்திரேற்றுச் செறிவு லீற்றருக்கு 148 மில்லிகிராம், குடிநீர் எல்லையின் மூன்று மடங்கு.

இங்கே இஸ்ரேலிய ஆய்வு ஒன்றை எதிர்வாதமாக வைக்கலாம். வேர்கள் நைத்திரேற்றையும் குளோரைட்டையும் போட்டியில் எடுப்பதால், கரைசலில் நைத்திரேற்றை உயர்த்தினால் குளோரைட்டு உள்ளே போவது குறையும். பார், அப்பல்பௌம், கஃப்காஃபி, கோரன் ஆகியோர் 1997-இல் வெண்ணெய்ப்பழக் கன்றுகளிலும் எலுமிச்சை வர்க்கக் கன்றுகளிலும் இதைக் காட்டினார்கள். குளோரைட்டுக்குப் பாதியளவு மூல் நைத்திரேற்று என்ற விகிதம் அவ்வகை ஆய்வுகளிலிருந்து பேசப்படுவது. உவர்நீருக்கு நைத்திரேற்றுப் பசளையே மருந்து என்ற விளம்பரங்களுக்கும் இதுவே அடிப்படை. வலிகாமத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். லீற்றருக்கு 177 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள கிணறு என்றால் அது 5 மில்லிமூல். பாதி விகிதத்துக்கு 2.5 மில்லிமூல் நைத்திரேற்று, அதாவது லீற்றருக்கு 35 மில்லிகிராம் நைதரசன் வேண்டும். 800 மில்லிமீற்றருக்கு ஹெக்டயருக்கு 280 கிலோகிராம். முந்திரிகைக்கு இது பசளை அன்று, நஞ்சு, கிணற்றுக்கோ பெருங்கேடு. சாடியிலும் மணலிலும் சரியாக நிற்கும் ஓர் உடற்றொழிலியல் உண்மை, குடிநீரும் பாசனநீரும் ஒன்றேயான நிலத்தில் வேளாண்மைப் பரிந்துரையாகத் தகுதிபெறாது. அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது வேறொன்று: கோடை இறைப்பில் நைத்திரேற்று இடையறாமல் சிறிதளவு இருந்துகொண்டிருப்பது நல்லது. அதைக் கிணறு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

கருகும் இலை விளிம்பு

பந்தலின் கீழே நின்று முதிர்ந்த இலையொன்றைப் பறித்துப் பார்த்தால் விளிம்பு கருகியிருக்கும். பொற்றாசியக் குறைபாட்டிலும் முதிர்ந்த இலையின் விளிம்புதான் கருகும். குளோரைட்டு மிகுந்தாலும் அங்கேதான் கருகும். குறைபாட்டில் முதலில் விளிம்பு மஞ்சளித்து, மஞ்சள் நரம்புகளுக்கிடையே உள்ளே பரவி, இலை சுருளும். குளோரைட்டுக் கருகலில் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தொடங்கும் பழுப்புப் பட்டைக்கும் பச்சைப் பகுதிக்கும் இடையே எல்லை கூர்மையாக இருக்கும். பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும். இரண்டும் ஒரே இலையில் கலந்தால் பழகிய கண்ணும் ஏமாறும். கடைக்காரர் தருவது ஒரே பதில்: மியூரியேற் ஒவ் பொட்டாஷ். அதில் நிறையில் ஏறத்தாழ 47 வீதம் குளோரைட்டு. நோய் குளோரைட்டானால் மருந்தே நோயாகிவிடுகிறது. இலைக் கருகல் கண்ட மாமரங்களுக்கு மியூரியேற் தவிர்த்துப் பொற்றாசியம் சல்பேற்று இடுமாறு இந்தியப் பரிந்துரைகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதனால்தான்.

ஹெக்டயருக்கு 400 கிலோகிராம் மியூரியேற் போட்டால் 188 கிலோகிராம் குளோரைட்டு நிலத்துக்கு வருகிறது. பழத்தோடு போவது சொற்பம். 300 மில்லிமீற்றர் ஊடுருவல் நீரில் அது கரைந்தால் லீற்றருக்கு 63 மில்லிகிராம் கூடும். கடல்நீர் நூற்றில் ஒரு பங்கு கலப்பதன் மூன்றில் ஒரு பங்கு இது. குளோரைட்டை வெறுக்கும் பயிர்களுக்கு மழைக்கு முன்னே மியூரியேற்றைப் போட்டு, மழை குளோரைட்டைக் கழுவிச் செல்ல, பொற்றாசியம் மண்ணில் தங்கட்டும் என்று விடுவது பிறநாடுகளில் ஒரு சாமர்த்தியம். மரத்துக்கு நல்லதுதான். நமக்கு அது கிணற்றின் தலையில் விழும்.

பொற்றாசியம் சல்பேற்றின் விலை அதிகம். எல்லோரும் அதையே வாங்குங்கள் என்பது ஆய்வாளர் சொல்லக் கூடாத எளிய பதில். கிணற்றுநீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 175 மில்லிகிராமுக்கு மேலிருந்தால், முந்திரிகைக்கும் எலுமிச்சைக்கும் மாவுக்கும் அந்தச் செலவு நியாயம். அதற்குக் கீழே மியூரியேற்றே போதும், அளவு குறைந்தால். அளவைக் குறைக்க வாழையில் ஒரு வழி கண்முன்னே கிடக்கிறது. வாழை எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும் தங்கிவிடுகிறது. குலை வெட்டியபின் தண்டைத் தோட்டத்துக்கு வெளியே எறிபவர், மறுவாரம் அதே பொற்றாசியத்தைக் குளோரைட்டோடு சேர்த்து விலைக்கு வாங்குகிறார்.

சொட்டுநீரில் பசளை கரைத்து விடுவோர் செறிவைக் கவனிக்க வேண்டும். மின்கடத்துமானியைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களில் வைத்திருக்கும் நியமக் கரைசலே பொற்றாசியம் குளோரைட்டுதான்: லீற்றருக்கு 0.745 கிராம், 1.41 அலகு. ஹெக்டயருக்கு 20 கிலோகிராம் மியூரியேற்றை ஒரே இறைப்பில் 20 கனமீற்றர் நீரோடு விட்டால் லீற்றருக்கு ஒரு கிராம். கிணற்றுநீரின்மேல் ஏறத்தாழ 1.9 அலகு கூடும். 1.5 அலகு கிணறு அன்றைக்கு 3.4 அலகு கிணறாகிவிடுகிறது. அதே 20 கிலோவைப் பத்து இறைப்பில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் கூடுவது 0.2-க்கும் குறைவு. யூரியாவில் மானி ஏமாற்றும்: அது அயனாகாது, ஆகவே கரைத்த உடனே அளந்தால் எதுவும் காட்டாது, மண்ணில் அமோனியமாகி நைத்திரேற்றானபின்தான் உப்பாகக் கணக்கில் வரும். சுண்ணக்கல் நீரில் பொஸ்பேற்றுப் பசளையைக் கரைத்தால் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும். பொஸ்பரசை மண்ணிலேயே இடுவது மேல். இன்னொரு சிறு விடயம், தூவல் பாசனம். குளோரைட்டு லீற்றருக்கு 5 மில்லி ஈக்குவலன்டைத் தாண்டிய நீர் இலையில் பட்டால் எலுமிச்சை வர்க்கத்து இலை நேரடியாகவே உறிஞ்சிக் கருகும்; முந்திரிகை இதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். தூவிகள் இலைக்குக் கீழே, இரவில்.

இந்த மண்ணுக்கு வேண்டாத அறிவுரையும் ஒன்று உண்டு. உவர்நீர் என்றதும் ஜிப்சம் போடச் சொல்வது பழக்கமாகிவிட்டது. சோடியம் மிகுந்து, களி இறுகி, நீர் இறங்காத மண்ணுக்கு ஜிப்சம் மருந்து. கல்சியம் நிறைந்த நீர் பாயும், தானே நன்கு வடியும் வலிகாமச் செம்மண்ணில் அதற்கு வேலையில்லை. கரைந்துபோகும் இன்னுமொரு உப்பாகவே அது முடியும். கரையோரத்துச் சோடியம் குளோரைட்டு நீர் பாயும் தோட்டங்களை வேண்டுமானால் தனியே சோதித்துப் பார்க்கலாம்.

வேரை மாற்றுவது

முந்திரிகையை நாம் பெரும்பாலும் வெட்டுத்துண்டிலிருந்து, அதன் சொந்த வேரிலேயே வளர்க்கிறோம். குளோரைட்டை வேரிலேயே மறித்துவிடும் ஒட்டுக்கட்டைகள் உலகில் பல காலமாக உண்டு: ராம்சி, 1103 போல்சன், 140 ருகேரி முதலியன. அவுஸ்திரேலியாவின் மரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ராம்சியைப் பயன்படுத்தியதன் அனுபவம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது: கொடி அளவுக்குமீறிக் கொழுக்கும், பழச்சாற்றில் பொற்றாசியம் மிகும். நைதரசன் ஏற்கெனவே கூடிய நீரில் கொழுக்கும் வேரை வைப்பது இரட்டிப்பு வேலையாகலாம்; ஆகவே ஒட்டுக்கட்டை சோதனைகளை நைதரசன் இடாத பாத்திகளில் நடத்த வேண்டும். மாவுக்கு நம்பிக்கை கூட. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணுக்கும் உவர்நீருக்கும் என்றே தெரிந்தெடுத்த '13-1' என்ற பல்முளைக் கட்டை, நம் நிலத்தின் இரு குறைகளுக்கும் ஒருங்கே பொருந்துவது. அதன்மேல் கறுத்தக்கொழும்பானை ஒட்டிப் பார்க்காமல் இருப்பதற்குத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளைத் தவிர நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மறுப்புகள்

கிணற்று நைத்திரேற்றுக்கு மலக்குழிகளே காரணம், கமக்காரரைக் குறை சொல்லாதீர்கள் என்பது முதல் மறுப்பு. நெருங்கிய குடியிருப்புகளில் மலக்குழியின் பங்கு பெரியது என்பதை ஏற்கிறேன். ஆனால் நைத்திரேற்று எங்கிருந்து வந்தாலும் அதைக் கிணற்றிலிருந்து வெளியே எடுக்கக்கூடிய பெரிய வழி இந்நிலத்தில் ஒன்றுதான்: இறைத்த நீரைக் குடிக்கும் பயிர். ஆழமாக வேரோடும் பல்லாண்டுப் பழப்பயிர், வேறு நைதரசன் இடப்படாதிருந்தால், இறைத்த 90 கிலோகிராமில் ஒரு பகுதியைப் பழமாக்கிச் சந்தைக்கு அனுப்பிவிடும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மேலோட்டமான வேரும் கனத்த பசளையுமாக எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. அந்த வகையில் வலிகாமத்தில் பழப்பந்தல் பரவுவது நீர்த்தாங்கிக்கு நன்மையாகலாம், தோட்டப்பயிரின் பசளைப் பழக்கம் பந்தலுக்குள்ளும் வந்துவிடாவிட்டால்.

சேதனப் பசளைக்கு மாறினால் தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு வந்த தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே கைவிடப்பட்டது. அதன் அரசியலை விட்டுவிடுவோம். எருவும் குழையும் மண்ணுக்கு நல்லவை. ஆனால் மாட்டெருவில் நைதரசனும் இருக்கிறது, குளோரைட்டும் இருக்கிறது. ஆவணியில் கனக்கத் தாழ்த்திய எரு, கொடி கேட்கும் நேரத்தில் கொடுக்காமல், முதல் மழை ஈரத்தில் சிதைந்து நைத்திரேற்றாகி மழையோடே இறங்கும். நேரம் தவறினால் எருவும் யூரியாவும் கிணற்றுக்கு ஒன்றே. நைதரசன் எந்த வடிவில் வந்தாலும் ஓகஸ்ட் முடிவுக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மாரியில் பந்தலின் கீழே முளைக்கும் புல்லைக் களையாமல் விட்டு, அது பிடித்துவைத்த நைதரசனோடு தையில் வெட்டி அங்கேயே மூடாக்காக இட வேண்டும். 'பந்தல் துப்புரவாக இருக்கவேண்டும்' என்ற நம் பிடிவாதத்துக்கு இது ஒவ்வாதுதான்.

குடாநாட்டுக்கு வெளியிலிருந்து நன்னீர் கொண்டுவரும் எண்ணம் பழையது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அதில் புகழ்பெற்றது. அது முழுமையாக நிறைவேறினாலும் மேலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் குளோரைட்டும் குறையப்போவதில்லை.

உடனே செய்யக்கூடியது பசளைப் பரிந்துரையை மாற்றுவது. இன்றைய பரிந்துரை பயிருக்கும் வயதுக்கும் அளவு சொல்கிறது, கிணற்றைக் கேட்பதில்லை. 800 மில்லிமீற்றர் இறைப்புக்கு, கிணற்றின் நைத்திரேற்று அளவை 1.8-ஆல் பெருக்கினால் ஹெக்டயருக்குக் கிணறு தரும் நைதரசன் கிலோகிராமில் கிடைக்கும். கமக்காரருக்கு ஹெக்டயர் தேவையில்லை. ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர் என்பதால் கணக்கு இன்னும் எளிது: நைத்திரேற்று மில்லிகிராமைப் பத்தால் வகுத்தால், ஒரு பரப்புக்குக் கிணறு தரும் யூரியா கிலோகிராமில் வரும். 50 என்றால் ஐந்து கிலோ, 30 என்றால் மூன்று கிலோ. பரிந்துரையிலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வாங்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். நைத்திரேற்றுச் சோதனைத் தாளும் சட்டைப்பையில் அடங்கும் மின்கடத்துமானியும் கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும் இருந்தால், சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை அளந்து கிணற்றுச் சுவரிலேயே எண்ணை எழுதிவிடலாம். பசளைக்கு மானியம் கொடுக்கும் அரசு, மானியச் சீட்டு எழுதுமுன் அந்த எண்ணைக் கேட்கட்டும்.